“அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்”

கேள்வி: என் மகனுக்கு 22 மாதம். அம்மா, தாத்தா, வா, பா (பால்) என்று ஐந்தாறு சொற்கள்தான் சொல்கிறான். நான் பனியன் கம்பெனி வேலைக்குப் போவதால் பகலில் மாமியார்தான் பார்த்துக்கொள்கிறார். போனில் பாட்டு ஓடினால்தான் வாய் திறந்து சாப்பிடுகிறான். “அவங்க அப்பாவும் மூணு வயசுலதான் பேசினான், தானா வரும்” என்கிறார் அத்தை. காத்திருக்கலாமா?
– வாசகி, திருப்பூர்

பதில்: காத்திருக்க வேண்டாம். அதற்காகப் பயப்படவும் வேண்டாம். உங்கள் அத்தை சொல்வதிலும் உண்மை இருக்கிறது. தாமதப் பேச்சு சில குடும்பங்களில் வழிவழியாக வருவதுதான். ஆனால் தானாகப் பேசிவிடும் குழந்தை எது, உதவி தேவைப்படும் குழந்தை எது என்று இந்த வயதில் முன்கூட்டியே பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டு வயதில் சுமார் 50 சொற்களும், “பால் வேணும்”, “அப்பா வா” என்று இரண்டு சொல் சேர்த்துப் பேசுவதும் வர வேண்டும். உங்கள் மகன் அதற்கு வெகுவாகப் பின்னால் இருக்கிறான்.

முதல் வேலை, காது பரிசோதனை. “போன் பாட்டுக்குத் திரும்புகிறானே” என்பார்கள். அது பரிசோதனை ஆகாது. அடிக்கடி சளி பிடித்து நடுக்காதில் நீர் கோத்திருந்தால் பாட்டு கேட்கும், பேச்சு மங்கலாகத்தான் கேட்கும். ஒலி காதிலிருந்து மூளைக்குப் போய்ச் சேர்கிறதா என்று பார்க்கும் ‘பெரா’ (BERA) பரிசோதனையைக் குழந்தை தூங்கும்போதே செய்துவிடுவார்கள், வலி இருக்காது.

அப்புறம், வீட்டிலேயே கவனியுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா? நாயையோ பஸ்ஸையோ விரல் நீட்டிக் காட்டிவிட்டு, நீங்களும் பார்க்கிறீர்களா என்று உங்கள் முகத்தைப் பார்க்கிறானா? இவை இல்லையென்றாலும், முன்பு சொன்ன சொற்களை இப்போது விட்டுவிட்டான் என்றாலும், தள்ளிப்போடாமல் இந்த வாரமே குழந்தை மருத்துவரைப் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ ‘டி.இ.ஐ.சி.’ (DEIC, குழந்தைகளின் வளர்ச்சிக் குறைகளைத் தொடக்கத்திலேயே கவனிக்கும் மாவட்ட மையம்) எங்கே என்று கேளுங்கள். வளர்ச்சித் தாமதத்துக்கான பரிசோதனையும் பயிற்சியும் அங்கே இலவசம்.

இனி போன். இரண்டு வயது வரை திரையே வேண்டாம் என்பதுதான் இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் பரிந்துரை. போன் பேசும், ஆனால் குழந்தையின் பதிலுக்காகக் காத்திருக்காது. பேச்சு வளர்வது அந்தக் காத்திருப்பில்தான். இட்லித் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு “இட்லி வேணுமா?” என்று கேளுங்கள். மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். அவன் “இ” என்றாலோ கையை நீட்டினாலோ போதும். “இட்லி வேணும், இந்தா” என்று சொல்லிக் கொடுங்கள். “சொல்லு, சொல்லு” என்று வற்புறுத்த வேண்டாம். வந்தவர்கள் முன்னால் நிறுத்தி “மாமாவுக்கு டாட்டா சொல்லு” என்பதும் அப்படித்தான், இருக்கிற சொல்லும் வாய்க்குள்ளேயே போய்விடும்.

சாப்பாட்டு நேரத்தில் போனை நிறுத்தினால் மூன்று நான்கு நாள் அழுவான், குறைவாகச் சாப்பிடுவான். அதற்குள் மெலிந்துவிட மாட்டான். பசியில்லாத குழந்தைக்குத்தான் போன் தேவைப்படுகிறது. எத்தனை பாட்டில் பால் குடிக்கிறான் என்று எண்ணிப் பாருங்கள். பல வீடுகளில் கோளாறு அங்கேதான். ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் பால் போனால் சோறு இறங்காது, இரும்புச்சத்தும் குறையும். எல்லாரும் உட்காரும்போது அவனுக்கும் ஒரு தட்டு வையுங்கள். சிந்தட்டும். அரை மணி நேரத்தில் தட்டை எடுத்துவிடுங்கள்.

இதில் அத்தையைக் குற்றம் சொல்லாதீர்கள். காக்காவைக் காட்டி, கதை சொல்லிச் சோறூட்டுவது அவருக்குத் தெரிந்த கலைதான். போன் வந்தபிறகு விட்டுப்போயிருக்கும். ஒன்று மட்டும் சொல்லிவையுங்கள்: பேச்சு வருவதற்கென்று நாக்கில் வசம்பு உரசித் தடவ வேண்டாம். அதனால் பேச்சு வராது, வாந்திதான் வரும். நாக்கின் அடியில் ஒட்டியிருக்கும் சவ்வை வெட்டிவிட்டால் பேசிவிடுவான் என்று யாராவது சொன்னால் அதையும் நம்பாதீர்கள்.

மருத்துவரிடம் போகும்போது, அவன் சொல்லும் சொற்களை ஒரு தாளில் எழுதி எடுத்துப்போங்கள். உங்கள் அத்தையையும் கேட்டு எழுதுங்கள், நீங்கள் வேலையில் இருக்கும் நேரத்தில் சொல்வதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அவன் சொல்கிற அந்த “பா”, எப்போதும் பாலையே குறித்தால், அதையும் ஒரு சொல்லாகவே கணக்கில் சேருங்கள்.