கல்யாணத்துக்குள் தெத்துப்பல்லைச் சரிசெய்ய முடியுமா?

கேள்வி: எனக்கு 26 வயது. மேல்வரிசையில் கோரைப்பற்கள் இரண்டும் மேலேறித் தெத்திக்கொண்டு நிற்கின்றன. அவற்றுக்கு முந்தைய பற்கள் கொஞ்சம் உள்ளே தள்ளியிருக்கின்றன. சொத்தை எதுவும் இல்லை. தை மாதம் திருமணம், இன்னும் ஐந்து மாதம்தான். ஒரு டாக்டர், இரண்டு பல்லை எடுத்துவிட்டு க்ளிப் போட்டால் ஒன்றரை வருடம் ஆகும் என்கிறார். இன்னொருவர், ஆறு பல்லுக்கு வெனீர் போட்டு இரண்டே வாரத்தில் முடித்துத் தருவதாகச் சொல்கிறார். எதைச் செய்துகொள்ளலாம்?
- வாசகி, திருச்சி

மருத்துவர் பதில்:

க்ளிப்தான். காரணத்தைச் சொல்கிறேன்.

பல்லின் முன்பக்கத்தை மெலிதாகச் சீவிவிட்டு அதன்மேல் ஒட்டும் பீங்கான் தகடுதான் வெனீர். வரிசை ஓரளவு ஒழுங்காக இருந்தால் அரை மில்லிமீட்டர் சீவினாலே போதும். போகாத கறை, முனை உடைந்த பல், சின்ன இடைவெளி போன்றவற்றுக்கு அருமையான சிகிச்சை, நானும் செய்கிறேன். உங்கள் விஷயம் வேறு. வெளியே துருத்தி நிற்கும் கோரைப்பல்லை வரிசைக்குள் இருப்பதுபோலக் காட்ட, எனாமலைத் தாண்டி, அதற்கு அடியில் இருக்கும் டென்டின் என்ற அடுக்கு வரை இழைக்க வேண்டிவரும். பல் கூசத் தொடங்கும். சிலருக்கு வேர் சிகிச்சை வரை போய் நிற்கும். அத்தனை செய்தும் மேலும் கீழுமாக இருக்கும் ஈறு விளிம்பும், பிரஷ் நுழையாத இடுக்கும் அப்படியேதான் இருக்கும். சீவிய எனாமல் மறுபடி வளராது. வெனீரை எப்படியும் பத்துப் பதினைந்து வருடத்தில் மாற்ற வேண்டிவரும். உங்கள் வயதுக்கு அது எத்தனை முறை என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஆரோக்கியமான ஆறு பல்லை ஒரு முகூர்த்தத் தேதிக்காக இழைக்க எனக்கு மனம் வராது.

க்ளிப்புக்கு ஏன் அவ்வளவு காலம் என்றால், நகர்வது பல் மட்டுமல்ல. கம்பி மெதுவாக அழுத்தும்போது அழுத்தம் விழும் பக்கத்தில் எலும்பு கரைகிறது, எதிர்ப்பக்கம் புது எலும்பு உருவாகிறது. மாதத்துக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர், அவ்வளவுதான். வேகப்படுத்தக் கூடுதல் விசை கொடுத்தால் வேரே கரையக்கூடும்.

சரி, தை மாதத்துக்கு என்ன செய்வது? இப்போதே தொடங்கினால் ஐந்து மாதத்தில் முன்பற்களின் நெருக்கடி கண்ணுக்குத் தெரியும்படி குறைந்திருக்கும். வரிசை சேர்வது முதல் கட்டம். பல் எடுத்த இடைவெளியை மூடுவதும் கடிமானத்தைச் சரிசெய்வதும்தான் மீதிக் காலத்தைத் தின்னும். அகலமாகச் சிரித்தால் அந்த இடைவெளி கொஞ்சம் தெரியலாம். பல் நிறத்திலேயே வரும் செராமிக் க்ளிப் போட்டுக்கொண்டால் போட்டோவில் உறுத்தாது. கல்யாணம் முடிந்து தொடங்கினாலும் நஷ்டமில்லை. ஜப்பானில் இதே தெத்துப்பல்லை அழகென்று நினைத்து, காசு கொடுத்து ஒட்டவைத்துக்கொண்ட பெண்கள் இருக்கிறார்கள்!

அலைனர் போடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். கழற்றி மாட்டும் அந்தக் கண்ணாடி போன்ற உறை, லேசான கோணலுக்கு நன்றாக வேலை செய்யும். ஆனால் மேலேறிய கோரைப்பல்லைக் கீழே இழுத்துவருவது அதற்குக் கஷ்டமான வேலை. கம்பிதான் அதில் கெட்டி. தவிர, ஒரு நாளைக்கு 20 முதல் 22 மணி நேரம் மாட்டியிருக்க வேண்டும், காபி குடிக்கும்போதெல்லாம் கழற்ற வேண்டும். கல்யாண வீட்டில் நடக்கிற காரியமா? டாக்டர் நேரில் பார்க்காமல், வீட்டிலேயே அச்சு எடுத்து அனுப்பச் சொல்லும் அலைனர் பக்கம் போகவே வேண்டாம்.

பல் எடுக்கச் சம்மதிப்பதற்கு முன், பல் சீரமைப்பில் எம்.டி.எஸ். மேற்படிப்பு முடித்த ஒருவரிடம் எக்ஸ்ரேயும் பல் அச்சும் எடுத்துப் பார்த்துவிடுங்கள். நெருக்கடி குறைவாக இருந்தால், பற்களுக்கு நடுவே இம்மியளவு தேய்த்து இடம் உண்டாக்கியே சமாளிக்க முடியும். பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வந்தால் முதலில் அதற்குச் சிகிச்சை, அப்புறம்தான் க்ளிப். செலவு யோசனை இருந்தால் சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியில் இதற்கென்றே தனித் துறை இருக்கிறது. ஆனால் க்ளிப் என்றால் மாதாமாதம் போய்வர வேண்டும், திருச்சியிலிருந்து அது தோதுப்படுமா என்று பாருங்கள்.

க்ளிப்பைக் கழற்றியதும், நகர்ந்த பல்லை அதே இடத்தில் பிடித்துவைக்கும் ரீடெய்னர் கொடுப்பார்கள். அதை இரவில் போடாமல் விட்டால் பல் பழைய இடத்துக்கே நகரப் பார்க்கும். "ஆறு மாதம் போட்டேன், போதும்" என்று நிறுத்திவிட்டு இரண்டாம் முறை க்ளிப் போட வருகிறவர்கள் நிறையப் பேர்.