ஒரே டி செல்லுக்கு இரண்டு விதமான மகள்கள் ஏன்?

சேரன்மகாதேவித் தம்பிக்கு, ஒரே டி செல் (நோய் எதிர்ப்பு வெள்ளையணு) பிரிந்து ஒன்று தொற்றை உடனே தாக்கும் போராளியாகவும் மற்றொன்று அடுத்த முறைக்காகக் காத்திருக்கும் நினைவு செல்லாகவும் ஆவது எப்படி என்று கேட்டிருந்தீர்கள். பாடப்புத்தகம் இதை ஒரே வரியில் தாண்டிவிடுகிறது, எரிச்சல்தான்.

பிரிவதற்கு முன்பே அந்தச் செல் சமச்சீராக இல்லை. கிருமியின் துண்டை அதற்குக் காட்டும் டென்ட்ரிடிக் செல்லைத் தொட்ட பக்கத்தில் ஏற்பிகளும் எல்எஃப்ஏ-1 போன்ற ஒட்டுப் புரதங்களும் குவிகின்றன. செல்லின் நுண்குழாய்களை ஒழுங்குபடுத்தும் மையமான சென்ட்ரோசோமும் அங்கே நகர்கிறது. பிளவு அந்தப் பரப்புக்கு இணையாக விழுந்தால் பங்கு சமமாக இராது, கன்னடியன் கால்வாயின் தலைமடை, கடைமடை வயல்களைப் போல. தொடர்புக்கு அருகிலிருந்த மகள் செல் சிடி8 என்ற மேற்பரப்புப் புரதத்தை அதிகம் பெற்றுப் போராளியாகச் சாய்கிறது. தள்ளியிருந்தது நினைவுப் பக்கம் போகிறது. 2007இல் லிஸ்டீரியா பாக்டீரியா தொற்றிய சுண்டெலிகளில் இதைக் காட்டினார்கள்.

தேர்வில் இதை மட்டுமே காரணமாக எழுதிவிடாதீர்கள். சமிக்ஞையின் வலிமையும் சைட்டோகைன்களும் (செல்கள் வெளிவிடும் செய்திப் புரதங்கள்) பின்னர் போக்கை மாற்றும்.