புது சென்சார் போட்டும் கரும்புகை ஏன் நிற்கவில்லை?

கேள்வி: என்னுடையது சுமார் 30 வருடப் பழைய டிரக். பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் எஞ்சின். சில மாதங்களாக சைலன்சரில் கரும்புகை வருகிறது, பெட்ரோல் வாடை அடிக்கிறது, மைலேஜ் பாதியாகிவிட்டது. பிளக்குகளில் கரி அப்பியிருக்கிறது. ஆக்ஸிஜன் சென்சார், பிளக், ஏர் ஃபில்டர் எல்லாம் மாற்றியாயிற்று. பலன் இல்லை. அடுத்து இன்ஜெக்டர்களை மாற்றலாமா?

பதில்: இன்ஜெக்டர் பக்கம் இப்போது போகாதீர்கள். முதலில் டிப்ஸ்டிக்கை உருவி முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தாலோ, ஆயில் மட்டம் மேல்கோட்டைத் தாண்டி ஏறியிருந்தாலோ வண்டியை ஓட்ட வேண்டாம். பெட்ரோல் கலந்து நீர்த்த ஆயில் பேரிங்குகளைக் காப்பாற்றாது. அதோடு, அந்த ஆயிலிலிருந்து எழும் பெட்ரோல் ஆவி பி.சி.வி. வால்வு (எஞ்சின் அடியில் சேரும் ஆவியை உள்ளே திருப்பி அனுப்பும் வால்வு) வழியாக மறுபடி எஞ்சினுக்குள் போய்க் கலவையை இன்னும் கெடுக்கும். ஆயிலை மாற்றாமல் செய்யும் சோதனைகள் உங்களைத் தவறான இடத்துக்குக் கூட்டிப்போகும்.

அடுத்து ஒரே ஒரு கேள்விக்கு விடை தேட வேண்டும். எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் கேட்டு பெட்ரோல் அதிகமாகப் போகிறதா, கேட்காமலே போகிறதா? எடைக்கணக்கில் 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் என்பதுதான் கம்ப்யூட்டரின் இலக்கு. சென்சார் ஏதாவது தவறான தகவல் கொடுத்தால் அதை நம்பி அதுவே கூடுதலாகக் கேட்கும். மாறாக, அது சரியாகக் கேட்டும் அழுத்தம் கூடியோ, கசிந்தோ பெட்ரோல் கொட்டலாம். இந்த இரண்டையும் பிரிக்காமல் பாகம் வாங்குவது பணத்தைக் கரைக்கும் வேலை.

பிரிப்பதற்கு நீங்கள் மாட்டிய புது ஆக்ஸிஜன் சென்சாரே உதவும். எக்ஸாஸ்ட் புகையில் மிஞ்சும் ஆக்ஸிஜனைக் கம்ப்யூட்டருக்குச் சொல்வது அதுதான். எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, 2,000 ஆர்.பி.எம்.மில் இரண்டு மூன்று நிமிடம் வைத்து, சென்சாரின் சிக்னல் வயரில் டிஜிட்டல் மல்டிமீட்டரை வையுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையில் ஓயாமல் ஏறி இறங்கும். 0.8க்கு மேலேயே நின்றால் சென்சார் உண்மையைத்தான் சொல்கிறது, பெட்ரோல் அதிகம். கரும்புகை வரும்போதே 0.2க்குக் கீழே நின்றால் ஏமாந்திருப்பது அந்தச் சென்சார்தான். அதற்கு முன்னால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் (சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து வெளியேற்றும் குழாய்) விரிசல் இருந்தால் வெளிக்காற்று உள்ளே இழுபடும். ஒரு சிலிண்டர் சரியாகப் பற்றாவிட்டால் எரியாத ஆக்ஸிஜன் அப்படியே வெளியே வரும். இரண்டிலும் பெட்ரோல் போதவில்லை என்று நினைத்துக் கம்ப்யூட்டர் மேலும் ஊற்றும். என்னிடம் வந்த ஒரு டிரக்குக்கு அதற்குள் இரண்டு முறை ஆக்ஸிஜன் சென்சார் மாற்றியிருந்தார்கள். குற்றவாளி மேனிஃபோல்டில் இருந்த மயிரிழை விரிசல்.

மீட்டர் உயரத்திலேயே நின்றால் நான் முதலில் சந்தேகப்படுவது கூலன்ட் டெம்பரேச்சர் சென்சாரை. டேஷ்போர்டு முள்ளுக்குத் தகவல் தருவது பெரும்பாலும் வேறொரு சென்சார், அதனால் முள் சரியாகக் காட்டுகிறது என்று விட்டுவிடாதீர்கள். குளிரில் கூலன்ட் சென்சாரின் ரெசிஸ்டன்ஸ் அதிகம், சூடானால் குறையும். பல வண்டிகளில் 20 டிகிரி செல்சியஸில் 2,000 முதல் 3,500 ஓம் வரை இருக்கும், 90 டிகிரியில் 200–300 ஓமுக்கு இறங்கிவிடும். சில தயாரிப்புகளில் எண்களே பல மடங்கு பெரிதாக இருக்கும், எனவே உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேட்டோடு ஒப்பிடுங்கள். எப்படியானாலும் சூடானபின் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகக் குறைந்திருக்க வேண்டும்.

பழைய வண்டியில் இன்னொரு சிக்கல் உண்டு. கனெக்டரில் பச்சையாகப் பூத்திருக்கும் களிம்பும் ரெசிஸ்டன்ஸ்தான். அது சென்சாரின் அளவோடு சேர்ந்துகொள்ள, கொதிக்கும் எஞ்சினைக் கம்ப்யூட்டர் குளிர்ந்த எஞ்சின் என்று எடுத்துக்கொண்டு கூடுதலாக பெட்ரோல் ஊற்றும். ஆகவே சென்சாரில் அளந்ததோடு நிறுத்தாமல், பேட்டரியைக் கழற்றிவிட்டு கம்ப்யூட்டர் பிளக் முனையிலும் அளந்து பாருங்கள். அங்கே கூடுதலாகக் காட்டினால் பழுது வயரில். கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கி எஞ்சின் சூடேறாமலே ஓடினாலும் இதே கதைதான்.

சரி, அதுவும் நன்றாக இருந்தால் அடுத்து மேப் சென்சார், அதாவது எஞ்சினுக்குள் காற்று போகும் மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளப்பது. அதற்குப் போகும் வேக்குவம் ஹோஸ் வெடித்திருந்தால், எஞ்சின் பெரும் பாரம் இழுப்பதாகக் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுவிடும். டைமிங் செயின் ஒரு பல் தாண்டியிருந்தாலும் வேக்குவம் குறைந்து இதே விளைவு வரும். காற்றை நேரடியாக அளக்கும் மாஃப் சென்சார் உள்ள வண்டிக்கு இது பொருந்தாது.

கம்ப்யூட்டருக்குப் போகும் தகவல் எல்லாம் சரி என்றால், கேட்காமல் வரும் பெட்ரோலைத் தேடுங்கள். பெட்ரோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் பிரஷர் ரெகுலேட்டரின் வேக்குவம் ஹோஸைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே ஒரு சொட்டு பெட்ரோல் இருந்தாலும் டயாஃப்ரம் கிழிந்துவிட்டது, மாற்றித்தான் ஆக வேண்டும். அப்புறம் கேஜ் மாட்டி அழுத்தம் பாருங்கள். மாட்டுமுன் லைனில் நிற்கும் அழுத்தத்தை இறக்குவது கட்டாயம். சூடான எஞ்சின்மேல் பெட்ரோல் பீய்ச்சினால் தீ நிச்சயம். சிலிண்டருக்கு ஒரு இன்ஜெக்டர் உள்ள பல எஞ்சின்களில் 35–45 பி.எஸ்.ஐ. இருக்கும், காற்று நுழையும் வாயிலிலேயே பெட்ரோல் தெளிக்கும் த்ராட்டில் பாடி வகையில் பெரும்பாலும் 9–13தான். அதைவிடக் கூடினால் ரெகுலேட்டரோ, டேங்குக்குத் திரும்பும் லைனில் அடைப்போ காரணம்.

இன்ஜெக்டரைக் குற்றம் சொல்ல இனித்தான் நேரம். எஞ்சினை நிறுத்தியதும் கேஜ் மளமளவென்று இறங்கினால் எங்கோ கசிவு. பெட்ரோல் டேங்குக்குத் திரும்பாமல் தடுக்கும் பம்ப்பின் செக் வால்வும், ரெகுலேட்டரும்கூட இப்படிச் செய்யும். அதனால் சூடாக நிறுத்தி 15 நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்து பாருங்கள். நீண்ட நேரம் செல்ஃப் அடித்து, புகையைக் கக்கிக்கொண்டு எழுந்தால் இன்ஜெக்டர்மேல் சந்தேகம் வலுக்கும். கரி எல்லாப் பிளக்கிலும் ஒரே மாதிரியா, ஒன்றிரண்டில் மட்டுமா என்றும் கவனியுங்கள். ஒன்றிரண்டில் மட்டும் என்றால் அந்த சிலிண்டர்களின் இன்ஜெக்டர்களை மட்டும் சோதித்தால் போதும்.

பழுது நீங்கும்வரை காய்ந்த புல்மேல் வண்டியை நிறுத்தாதீர்கள். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இருந்தால் எரியாத பெட்ரோல் அதற்குள் எரிந்து, அது செக்கச்சிவக்கப் பழுக்கும். டெம்பரேச்சர் சென்சாரின் குளிர் அளவு, சூட்டு அளவு, ஆக்ஸிஜன் சென்சாரின் வோல்ட் இந்த மூன்றையும் எடுத்து எழுதுங்கள். எந்தப் பாகத்தைக் கழற்றுவது என்பதை அதை வைத்துச் சொல்கிறேன்.