முதுமலை, பந்திப்பூர், வயநாடு எல்லாம் ஒரே காடு என்கிறார்கள். நம் மாநிலம் நம் பகுதியை ஒழுங்காகக் காப்பாற்றினால் போதாதா? மூன்று மாநிலமும் கூடி வேலை செய்து என்ன ஆகப் போகிறது?

போதாது. இதை எங்கள் மாமா வீட்டுத் தொழுவத்திலேயே பார்த்துவிட்டேன், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நீங்கள் சமவெளியில் இருந்துகொண்டு வரைபடத்தைப் பார்த்துக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். வரைபடத்தில் கோடு தெளிவாகத்தான் இருக்கும். இங்கே மோயாற்றுக்கு இந்தக் கரை முதுமலை, அந்தக் கரை பந்திப்பூர், கொஞ்சம் மேற்கே போனால் வயநாடு. 1986இல் 5,520 சதுர கிலோமீட்டரை நீலகிரி உயிர்க்கோளக் காப்பகம் என்று அறிவித்தபோதே மூன்று மாநிலக் காட்டையும் சேர்த்துத்தான் அறிவித்தார்கள். யானையைப் பற்றி மற்றவர்கள் நிறைய எழுதுவார்கள். எனக்குத் தெரிந்தது பாறு, அதாவது செத்த விலங்குகளைத் தின்னும் பெரிய பறவை, ஆங்கிலத்தில் வல்ச்சர்.

முதுமலையை ஒட்டிய சிகூர்ப் பக்கம் ஆற்றோரத்து நீர்மருது மரங்களில்தான் வெண்முதுகுப் பாறுகள் கூடு கட்டுகின்றன. வருடத்துக்கு ஒரே முட்டை. ஆனால் இரை தேடி ஒரே நாளில் நூறு கிலோமீட்டருக்கு மேலும் பறக்கும். கூடு தமிழ்நாட்டில், சாப்பாடு கர்நாடகத்தில், இளைப்பாறுவது கேரளத்தில் என்று ஒரே பறவைக்கு அமையலாம்.

2016இல் எங்கள் மாமாவின் கறவை மாடு ஒன்றுக்குக் கால் வீங்கி எழுந்திருக்க முடியவில்லை. கால்நடை டாக்டர் வர இரண்டு நாள் ஆகும் என்றார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு மருந்துக்கடையில் 'வலி ஊசி' கிடைக்கும் என்று யாரோ சொல்ல, பையன் ஒருவன் பைக்கில் போய் வாங்கி வந்தான். டைக்ளோஃபெனாக், 30 மில்லி பாட்டில். மாட்டுக்குப் போடக் கூடாது என்று 2006லேயே தடை வந்துவிட்டது. மனிதர்களுக்கான ஊசியை மாட்டுக்குத் திருப்பிவிடுகிறார்கள் என்பதால் 2015இல் அந்தப் பெரிய பாட்டிலுக்கும் தடை. ஒரு முறைக்கான 3 மில்லிதான் விற்கலாம். அப்படியும் கிடைத்தது. ஊசி போட்ட மறுநாளே மாடு செத்துவிட்டது.

எங்கள் ஊரில் செத்த மாட்டைக் காட்டோரம் போட்டுவிடுவதுதான் பழக்கம். பாறு தின்னும், காடு சுத்தமாகும். மாமாவும் அதற்குத்தான் கயிறு எடுத்தார்.

"மாமா, வேண்டாம், புதைச்சிடலாம்" என்றேன்.

"எத்தனை வருஷமா போடுறோம், இன்னைக்கு என்ன புதுசா?" என்றார்.

அந்த மருந்து உடம்பில் இருக்கும் மாட்டைத் தின்றால் பாறுக்குச் சிறுநீரகம் செயலிழந்துவிடும், இரண்டு மூன்று நாளில் செத்துவிடும் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. அரை நாள் சண்டை. கடைசியில் குழி தோண்ட ஆள் கூலியை நான் கொடுத்தேன். பசியோடு இருக்கும் பறவையின் சாப்பாட்டை மண்ணில் போட்டு மூடுவது எனக்கும் வயிற்றைப் பிசைந்தது. மாமா நாலு மாதம் என்னோடு பேசவில்லை.

இதற்காக மாடு வளர்ப்பவர்களைக் குற்றவாளியாக்குகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். வலியில் கத்தும் மாட்டைப் பார்த்துக்கொண்டு யாரால் சும்மா இருக்க முடியும்? கர்நாடகக்காரர்களைச் சொல்கிறேன் என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்தப் பக்கத்துக் கடையிலும் அதே பாட்டிலைப் பார்த்திருக்கிறேன். நான் விஞ்ஞானியும் இல்லை. ஆனால் ஒரு கணக்கு மட்டும் மனதில் நின்றுவிட்டது. செத்த மாடுகளில் நூறில் ஒன்றுக்கும் குறைவானவற்றில் இந்த மருந்து இருந்தாலே பாறுக் கூட்டம் சரியத் தொடங்கிவிடும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரே செத்த மாட்டில் பத்து இருபது பறவை சேர்ந்து தின்னும் அல்லவா. இரண்டு மாநிலம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாலும், மூன்றாவதில் ஓரிரு கடை போதும். 'நம் பகுதி' என்று ஒன்றைத் தனியாகக் காப்பாற்ற முடியாது என்பது இதனால்தான்.

சரி, கூடி வேலை செய்து என்ன ஆனது? எண்ணிக்கையே முதலில் அப்போதுதான் ஒழுங்கானது. தனித்தனியாக எண்ணினால் காலையில் இங்கே பார்த்த பறவையை மறுநாள் அவர்களும் எண்ணிவிடுவார்கள். 2023 பிப்ரவரியில் மூன்று மாநில வனத்துறையும் ஒரே நாட்களில் எண்ணின. நானும் தன்னார்வலனாக ஒரு பாறை மேல் உட்கார்ந்திருந்தேன். நாலு பறவை ஆற்றைத் தாண்டி வடக்கே போனதை நேரத்தோடு எழுதிக் கொடுத்தேன். அந்தப் பக்கமும் ஒருவர் இதே மாதிரி எழுதிக்கொண்டிருப்பார் என்ற நினைப்பே அன்று பெரிய சந்தோஷம். மொத்தம் 246. அதே வருடம் டிசம்பரில் எண்ணியபோது 320. வருடத்துக்கு ஒரு முட்டை இடும் பறவை பத்து மாதத்தில் இவ்வளவு பெருகாது. பருவம், எண்ணிய விதம் எல்லாம் சேர்ந்திருக்கும், அதனால் வெற்றி என்று நான் கொண்டாடவில்லை. ஆனால் மூன்று பேரும் ஒப்புக்கொண்ட ஒரு எண் இப்போது இருக்கிறது.

கேள்விக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தக் கணக்கெடுப்பைப் பற்றி வந்த ஒரு செய்தியில் கழுகு என்று எழுதி, கூடவே எலியைத் தூக்கிப் போகும் ஏதோ பருந்தின் படத்தைப் போட்டிருந்தார்கள். பாறு என்று சங்கப் பாட்டிலேயே சொல் இருக்கிறது. வேட்டையாடும் கழுகு வேறு, செத்ததை மட்டும் தின்னும் பாறு வேறு. 'பிணந்தின்னி' என்று திட்டுவதற்கு மட்டும் இதை நினைவில் வைத்திருக்கிறோம். பெயரையே சரியாகச் சொல்லாத பறவைக்காக யார் மருந்துக்கடையில் போய்க் கேட்பார்கள்?

2023இல் பாறுக்கு அதே மாதிரி ஆபத்தான கீட்டோபுரோஃபென், அசெக்ளோஃபெனாக் என்ற வலி மருந்துகள் இரண்டையும் மாட்டுக்குப் போட நாடு முழுவதும் தடை வந்தது. அது நல்லது, மாநில எல்லை பார்க்காத தடை. உங்கள் சொந்தபந்தத்தில் இந்த மூன்று மாநிலக் காட்டோரத்தில் மாடு வைத்திருப்பவர்கள் இருந்தால், வலிக்கு மெலோக்சிகம் போடச் சொல்லி டாக்டரிடம் கேட்கச் சொல்லுங்கள். அது பாறுக்கு ஒன்றும் செய்யாது. மாமா இப்போது அதைத்தான் கேட்கிறார். அன்றைக்கு நடந்ததைப் பற்றி மட்டும் நாங்கள் இருவரும் இன்னும் பேசுவதில்லை.