லாரி டிரைவர் என்றாலே குடிப்பவர்தானா? தங்கைக்கு வரன் வந்திருக்கிறது, வீட்டில் தயங்குகிறார்கள்

இந்தக் கேள்வியை நேற்று ராத்திரி பார்த்தேன். பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. 2008-ல் எனக்குப் பெண் பார்க்கப் போனபோது அந்த வீட்டுப் பெரியவர் ஒருவர் திருநீறு பூசிவிடும் சாக்கில் கிட்டே வந்து என் வாயை மோந்து பார்த்தார். அன்றைக்கு நான் டீ தவிர எதுவும் குடித்திருக்கவில்லை. அது இன்னும் மனசில் ஆறவில்லை.

நான் சங்ககிரிப் பக்கம். 17 வயதில் சித்தப்பா வண்டியில் கிளீனராக ஏறினேன். 2004-லிருந்து லைன் வண்டி, அதாவது வெளிமாநிலம் வரைக்கும் தூர லோடு போகிற லாரி ஓட்டினேன். டிரைவர்களில் குடிப்பவரே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை, அதனால் விபத்துப் படங்களைக் கொண்டுவந்து கீழே போட வேண்டாம். லோடு இறக்கிவிட்டு ஹால்ட்டில் குடிப்பவர்கள் உண்டு. ஓட்டும்போதே குடிப்பவர்களும் உண்டு, அவர்களை நானும் மன்னிக்க மாட்டேன். ஆனால் உங்கள் வீட்டில் பயப்பட வேண்டியது பாட்டிலுக்கு மட்டும் இல்லை. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

சித்தப்பாவுடன் ஓடிய காலத்தில் வண்டிக்கு இரண்டு டிரைவர். ஒருவர் ஓட்டினால் இன்னொருவர் பின்சீட்டில் படுத்துக்கொள்வார். நேஷனல் பெர்மிட் வண்டிக்கு, அதாவது நாடு முழுக்க ஓட அனுமதி வாங்கிய லாரிக்கு, இரண்டு டிரைவர் கட்டாயம் என்று விதியே இருந்தது. 2018-ல் அந்த விதியை எடுத்துவிட்டார்கள். டீசல் விலைக்கும் வாடகைக்கும் கட்டுப்படியாகவில்லை என்று எங்கள் முதலாளியும் சிங்கிளாக அனுப்ப ஆரம்பித்தார். அவரைத் திட்டவில்லை, அவருக்கும் வண்டிக்கு டியூ கட்ட வேண்டும். 1961-லேயே மோட்டார் தொழிலாளர்களுக்குச் சட்டம் போட்டு, நாளுக்கு 8 மணி நேரம், தூர வண்டி என்றால் அதிகம் போனால் 10 மணி நேரம் என்று எழுதி வைத்தார்கள். என் வேலைக்காலத்தில் ஒரு நாள்கூட அந்தக் கணக்கில் ஓட்டியதில்லை.

2019-ல் சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு இந்தூர் போனேன். திரும்பி வர அதே மத்தியப் பிரதேசத்தில் மந்த்சௌரில் பூண்டு லோடு, நம் தேனிப் பக்கம் வடுகபட்டி சந்தைக்கு. சுமார் 2,000 கிலோமீட்டர். மூன்று நாளில் வர வேண்டும் என்றார்கள். மணிக்கு 40 என்று வைத்தாலும் 50 மணி நேரம் ஸ்டேரிங்கில் உட்கார வேண்டும், தனி ஆள். அங்கே லோடு ஏற்றிய ஒருவர் ஒரு கிளாஸில் பழுப்பாக ஒன்றைக் கொடுத்து, தூக்கம் வராது குடி என்றார். கடுங்கசப்பு. டோடா என்றார்கள். நம் வீட்டில் குருமாவுக்கு அரைக்கும் கசகசா இருக்கிறதே, அந்தக் காயில் விதையை எடுத்த பிறகு மிஞ்சுகிற தோல்தான் அது. இடித்து வெந்நீரில் ஊறவைத்துக் குடிக்கிறார்கள். அபின் எடுப்பது அந்தக் காயிலிருந்துதான், தோலிலும் அது மிச்சம் இருக்கும். கையில் ஒரு பொட்டலம் வைத்திருந்தாலே ஜெயில் என்பதுகூட அப்போது எனக்குத் தெரியாது.

குடித்ததும் இடுப்பு வலி போய்விட்டது. பசி இல்லை. தூலே தாண்டினேன், அவுரங்காபாத் தாண்டினேன். விடியும்போது பார்த்தால் டேஷ்போர்டில் ஒரு டோல்கேட் ரசீது கிடந்தது. நேரம் 3:12 என்று அச்சாகியிருந்தது. வண்டியை நிறுத்தியிருக்கிறேன், பணம் கொடுத்திருக்கிறேன், மீதி வாங்கியிருக்கிறேன். அதில் ஒன்றும் எனக்கு நினைவில்லை. அந்த டோலில் இருந்து அந்த இடம் வரைக்கும் வண்டியை யார் ஓட்டினார்கள் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஓரங்கட்டி இறங்கினேன், கால் நடுங்கியது. கேபின் முழுக்கப் பூண்டு வாசனை. இன்றைக்கும் வீட்டில் பூண்டு மூட்டை பிரித்தால் அந்த ரசீதுதான் கண்ணில் வரும்.

அத்தோடு விட்டேனா என்றால் இல்லை. அடுத்த டிரிப்பும் குடித்தேன், அதற்கடுத்ததும். ஆறாவது டிரிப் முடிந்து வீட்டுக்கு வந்தபோது மூக்கில் தண்ணீர் கொட்டியது, கொட்டாவி நிற்கவில்லை, வயிறு போய்க்கொண்டே இருந்தது, கால் எலும்பெல்லாம் குடைந்தது. என் மனைவி விஷக்காய்ச்சல் என்று நினைத்துக் கஷாயம் வைத்தாள். இரண்டாம் நாள் ராத்திரி என் சட்டைப்பையில் பொட்டலத்தைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இது என்னங்க?" என்று மெதுவாகக் கேட்டாள். அவள் சத்தம் போட்டிருந்தால் நானும் சத்தம் போட்டிருப்பேன். உள்ளதைச் சொல்லிவிட்டேன். அரசு மருத்துவமனையில் பத்து நாள் வைத்துப் பார்த்தார்கள். "அது தூக்கத்தை விரட்டவில்லை, உன் களைப்பை உனக்கே தெரியாமல் மறைத்தது" என்றார் அங்கிருந்த டாக்டர்.

குடியைப் பற்றியும் அவர்தான் விளக்கினார். ராத்திரி 11 மணிக்கு ஒரு குவார்ட்டர் குடித்துவிட்டு, தூங்கி எழுந்தாச்சு, தெளிந்தாச்சு என்று 4 மணிக்கு வண்டி எடுப்பவர்கள் நிறையப் பேர். 180 மில்லி முழுவதும் ரத்தத்திலிருந்து இறங்க எட்டு ஒன்பது மணி நேரம் ஆகும். 4 மணிக்கு, 100 மில்லி ரத்தத்தில் சட்டம் சொல்கிற 30 மில்லிகிராமைத் தாண்டித்தான் இருக்கும். ஊதச் சொன்னால் மாட்டுவார்கள். இதை லைசென்ஸ் கொடுக்கும்போது யாரும் சொல்லித் தருவதில்லை.

நான் போதைக்கு நியாயம் கற்பிக்கிறேன் என்று சிலர் நினைக்கலாம். இல்லை. என் அண்ணன் சென்ட்ரிங் வேலை. சனிக்கிழமை கூலி வாங்கினால் உடம்பு வலி என்று நேராகக் கடைக்குத்தான் போவார். சாக்கடைக் குழிக்குள் இறங்குகிறவர்கள் நாற்றம் தாங்காமல் முதலில் குடித்துவிட்டு இறங்குவதை நானே பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு வேலையும் உடம்பை ஒரு விதமாக வதைக்கிறது, அதற்குத் தகுந்த சரக்கு பக்கத்திலேயே கிடைக்கிறது. ஆனால் கம்ப்யூட்டர் கம்பெனி மாப்பிள்ளை வாரக் கடைசியில் பார்ட்டி போனால் அவர் வாயை யாரும் மோந்து பார்ப்பதில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். லோடு இறக்கப் போகிற குடோன்களில் இரண்டு நாள் கேட்டுக்கு வெளியே நிற்க வைப்பார்கள். காத்திருப்புக் காசு கிடையாது. உள்ளே பத்து கக்கூஸ் இருக்கும், டிரைவருக்குத் திறந்துவிட மாட்டார்கள். ஒரு தடவை எனக்கு வயிற்றுக்கடுப்பு, செக்யூரிட்டியிடம் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டேன். முள்ளுக்காட்டைக் காட்டினார். இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தம் இல்லைதான். ஆனால் எங்களை எல்லோரும் மனுசனாகப் பார்க்கிறார்களா என்று நான் எங்கே போய்க் கேட்பது?

சரி, உங்கள் தங்கை விஷயம். மாப்பிள்ளை குடிப்பாரா என்று கேட்டால் எல்லோரும் இல்லை என்றுதான் சொல்வார்கள். வண்டியில் சிங்கிளா டபுளா என்று கேளுங்கள். மாதத்தில் எத்தனை நாள் வீட்டில் படுக்கிறார், வீட்டில் இருக்கும் முதல் இரண்டு நாள் எப்படி இருக்கிறார் என்று அவர் அம்மாவிடம் பேச்சோடு பேச்சாகக் கேளுங்கள். நான் இப்போது பால் வண்டி ஓட்டுகிறேன், சம்பளம் குறைவுதான், தினமும் வீட்டில் சாப்பாடு. அவர் எந்த லைனில் ஓடுகிறார் என்று மட்டும் கீழே எழுதுங்கள். அந்த ரோடு எப்படிப்பட்டது, அங்கே என்னென்ன கிடைக்கும் என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.