மேடையில் உயர்ந்த கை

கேள்வி: தந்தை யூதராக இருந்தும், 1936 பெர்லின் ஒலிம்பிக் பரிசு மேடையில் நாஜி வணக்கம் வைத்தவர் வாள்வீச்சு வீராங்கனை ஹெலன் மேயர். வெள்ளிப் பதக்கத்துக்காகத் தன் இனத்தையே விற்ற துரோகி என்று சொன்னால் தவறா? (வாசகர் ஒருவர், மதுரை)

பதில்: ‘தன் இனம்’ என்கிறீர்கள். அந்த முத்திரையை அவர் மேல் குத்தியது யார்? யூத மரபில் தாய்வழிதான் கணக்கு. ஹெலனின் தாய் கிறிஸ்தவர். ஆஃபன்பாக் நகரத்து மருத்துவரின் மகளாக வளர்ந்து, 1928-இல் ஆம்ஸ்டர்டாமில் ஜெர்மனிக்குத் தங்கம் வாங்கித் தந்தபோது அவருக்கு வயது 17. ஊரே கொண்டாடியது. 1933-இல் அதே ஊர் வாள்வீச்சுக் கழகம் அவர் பெயரை அடித்துவிட்டது. 1935-இல் நியூரம்பர்க் சட்டம் வந்து, ரத்தத்தை அளந்து ‘பாதி யூதர்’ என்றது. ஹிட்லரின் தராசை அப்படியே கையில் எடுத்துக்கொண்டு துரோகத்தை நிறுக்கிறீர்களே, ஐயா!

அதற்காக அவர் அப்பழுக்கற்றவர் என்று வாதாட மாட்டேன். அப்போது கலிபோர்னியாவில் பாதுகாப்பாக இருந்தவர் அவர், அழைப்பை மறுத்திருக்கலாம். தாயும் சகோதரர்களும் ஜெர்மனியில் இருந்தார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஆனால் அந்தப் புகைப்படத்தில் இல்லாதவர்களை ஏன் விட்டுவிடுகிறீர்கள்? போட்டியைப் புறக்கணிப்போம் என்று அமெரிக்காவில் குரல் எழுந்தது. அமெரிக்க ஒலிம்பிக் கமிட்டித் தலைவர் ஏவரி பிரண்டேஜ் ஜெர்மனிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, கலந்துகொள்ளலாம் என்றார். உலகத்தின் வாயை அடைக்க நாஜிகளுக்கு ஒரு ‘யூதர்’ தேவைப்பட்டார், ஹெலன் கிடைத்தார். இன்னொருவர், உயரம் தாண்டும் கிரேட்டல் பெர்க்மன். தாய், தந்தை இருவருமே யூதர். அந்த ஜூனில் 1.60 மீட்டர் தாண்டி ஜெர்மனியின் தேசிய சாதனையைச் சமன் செய்தவர். அமெரிக்க அணி கப்பலேறிய கையோடு அவருக்குக் கடிதம் போனது: உங்கள் ஆட்டம் போதாது, அணியில் இடமில்லை, வேண்டுமானால் நின்று பார்க்க டிக்கெட் தருகிறோம்!

பெர்லினில் அந்தப் போட்டியில் தங்கம் வென்ற உயரம் எவ்வளவு தெரியுமா? அதே 1.60 மீட்டர்.

ஹெலன் அமெரிக்காவுக்கே திரும்பினார். 1953-இல், 42 வயதில், புற்றுநோயில் இறந்தார். கிரேட்டல் 103 வயது வரை இருந்தார். 1936-இல் அவர் தாண்டிய உயரத்தை ஜெர்மன் தடகளச் சங்கம் மறுபடி ஏட்டில் சேர்த்தது 2009-இல்தான்.