நாவல் எழுத மென்பொருள் வாங்கலாமா? பயனீட்டாளர் கேள்வி-பதில்

கேள்வி: நான் பட்டர்வொர்த்தில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. ரப்பர்த் தோட்ட வாழ்க்கையை வைத்து மூன்று தலைமுறைக் கதை ஒன்றை நாவலாக எழுதிக்கொண்டிருக்கிறேன். வோர்டில் ஒரே கோப்பாக 38 அத்தியாயம் ஆகிவிட்டது, எது எங்கே இருக்கிறது என்று தேடியே பாதிப் பொழுது போகிறது. நாவல் எழுதுபவர்களுக்கென்றே ஸ்கிரிவனர் என்று ஒன்று இருக்கிறதாம், வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறான் மகன். அவ்வளவு காசு போட வேண்டுமா? எழுதுவது விண்டோஸ் மடிக்கணினியில். கிளினிக்கில் காத்திருக்கும் நேரத்தில் சாம்சுங் கைப்பேசியில் குறிப்பெடுப்பேன்.

பதில்: டீச்சர், கடைசி வரியில் போகிற போக்கில் ஒரு சாம்சுங்கைச் சொல்லியிருக்கிறீர்களே, அதுதான் முக்கியம். ஸ்கிரிவனருக்கு விண்டோஸ் உரிமம் வேறு, மேக் உரிமம் வேறு, ஐபோன் ஐபேடுக்கு வேறொரு செயலி. ஆண்ட்ராய்டுக்கு அவர்கள் எதுவுமே செய்யவில்லை. ஆக கிளினிக் குறிப்புகளை நீங்கள் வேறு எதிலாவது எழுதி, வீட்டுக்கு வந்து வெட்டி ஒட்டத்தான் வேண்டும். இது உங்களுக்குப் பெரிய தொல்லையா இல்லையா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

மற்றபடி அது நல்ல பொருள்தான். 2007இல் மேக்குக்கு வந்தது, விண்டோஸுக்கு 2011இல். நாவலை ஒரே நீளக் கோப்பாக வைக்காமல் காட்சி காட்சியாகப் பிரித்து இடப்பக்கம் பட்டியல் போட்டுவிடும். ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு சிறு அட்டை, அதை இழுத்து முன்னே பின்னே நகர்த்தினால் எழுத்தும் கூடவே நகரும். உங்களுடையது போன்ற கதையில், 1943இல் ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில் பாதை வேலைக்குப் போய்த் திரும்பாத தாத்தா 31ஆம் அத்தியாயத்தில் சாவகாசமாக மரம் சீவிக்கொண்டிருப்பார், அதை அச்சுக்குப் போகும்முன் கண்டுபிடிக்க இந்த அட்டைகள் ரொம்ப உதவும். ஒரு காட்சியைத் திருத்தும்முன் பழைய வடிவத்தை அப்படியே படம் பிடித்ததுபோல் எடுத்துவைக்கும் வசதியும் இருக்கிறது, அது எனக்குப் பிடித்தது. பிடிக்காதது, எல்லாவற்றையும் சேர்த்து மறுபடி வோர்டு கோப்பாகவோ பிடிஎஃப் ஆகவோ வெளியே எடுக்கும் பகுதி. கம்பைல் என்பார்கள். பழக நாளாகும், தமிழில் வழிகாட்டியும் கிடையாது.

விலை சுமார் 60 அமெரிக்க டாலர், ஒரே தடவைதான், மாதச் சந்தா இல்லை. நம் மலேசியப் பணத்தில் 250 வெள்ளிக்கு முன்னே பின்னே வரும், அன்றைய மாற்று விகிதத்தைப் பொறுத்தது. பணம் கட்டும் பக்கத்தில் தொகை சற்றுக் கூடினால் திகைக்க வேண்டாம், வெளிநாட்டு மின்னியல் சேவைகளுக்கு இங்கே 8 விழுக்காடு சேவை வரி இருக்கிறது, வங்கியும் நாணய மாற்றுக்கு ஏதோ ஒன்று பிடித்துக்கொள்ளும்.

ஆனால் இன்றைக்கே வாங்காதீர்கள். முதலில் இருக்கிற வோர்டிலேயே ஒவ்வோர் அத்தியாயத் தலைப்புக்கும் ஹெடிங் 1 என்ற பாணியைக் கொடுங்கள். அப்புறம் வியூ பட்டியலில் நேவிகேஷன் பேன் என்பதைச் சொடுக்கினால் இடப்பக்கம் அத்தியாயங்கள் வரிசையாக நிற்கும், சுட்டியால் இழுத்தால் அத்தியாயமே இடம் மாறும். வோர்டு போன்ற, காசில்லாத லிப்ரே ஆபிஸிலும் F5 தட்டினால் இதே வசதிதான். உங்கள் தொல்லையில் முக்கால்வாசி இதிலேயே தீர்ந்துவிடும் என்று நினைக்கிறேன். தீராவிட்டால் ஸ்கிரிவனரை இலவசமாக 30 நாள் பாருங்கள், அதில் திறக்கிற நாள் மட்டும்தான் கணக்கு, வாரம் இரண்டு நாள் திறந்தால் மூன்று மாதத்துக்கு மேல் ஓடும். அந்த நாள்களில் உங்கள் அத்தியாயம் ஒன்றைத் தமிழிலேயே தட்டி, ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இடம் மாறாமல் நிற்கிறதா, தேடினால் சொல் அகப்படுகிறதா, பிடிஎஃப் ஆக்கினால் எழுத்து உடைகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கடன் அட்டையைக் கையில் எடுக்க வேண்டும்.

கைப்பேசியும் கணினியும் ஒன்றாக ஓட வேண்டும் என்றால் கூகள் டாக்ஸ் போதும். ஒரு கோப்பில் 10 லட்சத்து 20 ஆயிரம் எழுத்துக்குறிதான் கொள்ளும், ‘கொ’ என்பதைக் கணினி இரண்டு குறியாக எண்ணும், ஆகவே நாவலை மூன்று நான்கு பாகமாகப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். எதில் எழுதினாலும் வாரம் ஒரு படி பென்டிரைவில் ஏறட்டும்.

கேள்வி: கெப்போங்கிலிருந்து எழுதுகிறேன். இணைய அங்காடி ஒன்றில் ‘வாழ்நாள் உரிமம்’ என்று போட்டு 25 வெள்ளிக்கு வோர்டு அடங்கிய மைக்ரோசாப்ட் 365 விற்றார்கள். ஒரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அனுப்பினார்கள், நன்றாகத்தான் ஓடியது. இப்போது உள்ளேயே போக முடியவில்லை. பாதி நாவல் அதன் ஒன்டிரைவ் என்ற இணையச் சேமிப்பில் இருக்கிறது. பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: தம்பி, 25 வெள்ளியை விடுங்கள், நாவலைப் பார்ப்போம். 365 என்பதே சந்தா, அதற்கு வாழ்நாள் என்று எவன் சொன்னாலும் சந்தேகப்பட வேண்டும். இப்படி வருவது பெரும்பாலும் ஏதோ ஒரு பள்ளி அல்லது நிறுவனத்தின் பெயரில் திறந்த கணக்கு. அதன் நிர்வாகி நினைத்தால் கடவுச்சொல்லை மாற்றலாம், உள்ளே இருப்பதைப் பார்க்கலாம், அழிக்கவும் செய்யலாம். யாரோ ஒருவர் வீட்டு அலமாரியில் நீங்கள் நாவலைப் பூட்டி வைத்திருந்தீர்கள், சாவியும் அவரிடம்தான்.

முதல் வேலையாகக் கணினியில் ஒன்டிரைவ் என்ற அடைவை (ஃபோல்டரை) திறந்து பாருங்கள், முன்பு திறந்த கோப்புகளின் படி வன்தட்டிலேயே தங்கியிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. இருந்தால் உடனே வேறு அடைவுக்கு நகலெடுங்கள். வோர்டை நீக்குவதோ கணினியை ஃபார்மட் செய்வதோ இப்போதைக்குக் கூடவே கூடாது.

பணத்துக்கு முதலில் அந்த அங்காடியிலேயே புகார் போடுங்கள். விளம்பரம், ரசீது, விற்றவரோடு பேசியது எல்லாவற்றையும் திரையில் தெரிகிறபடியே படம் பிடித்து (ஸ்கிரீன்ஷாட்) வைத்துக்கொள்ளுங்கள், விளம்பரம் நாளைக்கே காணாமல் போகும். உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சிடமும் புகார் தரலாம். பயனீட்டாளர் நடுவர் மன்றம் 50,000 வெள்ளி வரைக்குமான கோரிக்கைகளை விசாரிக்கும், கட்டணம் 5 வெள்ளிதான், வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் விற்றவர் யார், முகவரி எது என்று தெரியாமல் யார் மேல் வழக்குப் போடுவது? அங்கேதான் இந்த மலிவு வியாபாரம் தப்பித்துக்கொள்கிறது. பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் வழிகாட்டும், தயங்காமல் கேளுங்கள். இனி அந்தக் காசுக்கு லிப்ரே ஆபிஸே மேல், வோர்டு கோப்புகளைத் திறக்கும், சேமிக்கும்.

கேள்வி: பழைய எழுத்துருவில் தட்டிய என் நாவல் புதுக் கணினியில் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரிகிறது. லோ யாட்டில் ஒரு கடைக்காரர் தமிழ் மென்பொருள் போட 180 வெள்ளி கேட்கிறார். செந்தூல் வாசகர்.

பதில்: கொடுக்காதீர்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்கார வைத்தவை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கிலம்தான் தெரியும். உங்கள் நாவல் எங்கும் போய்விடவில்லை. என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற இலவச மாற்றிகளில் எந்த எழுத்துரு என்று தேர்ந்து, எல்லாக் கணினிக்கும் பொதுவான குறியீடாகிய யூனிகோடுக்கு மாற்றலாம். ஓர் அத்தியாயத்தை மட்டும் முதலில் மாற்றிப் படித்துப் பாருங்கள், இடையிடையே வரும் ஆங்கிலச் சொற்களும் மலாய்ப் பெயர்களும் குழம்பிப்போகும், அவற்றைக் கையால்தான் சரிசெய்ய வேண்டும்.

தட்டுவதற்கு விண்டோஸிலேயே தமிழ் விசைப்பலகை இருக்கிறது. மேக்கில் அஞ்சல், தமிழ்99 என்ற தட்டும் முறைகள் இரண்டுமே உள்ளே வருகின்றன. அஞ்சல் முறை நம் ஊர் முத்து நெடுமாறனின் கைவண்ணம். பிழை பார்க்க ஆங்கிலத் திருத்திகளுக்குச் சந்தா கட்டவே வேண்டாம், கிராமர்லிக்குத் தமிழ் தெரியாது. நீச்சல்காரன் என்பவர் செய்த இணையக் கருவிகளில் வாணி எழுத்துப்பிழையையும், நாவி சந்திப்பிழையையும் இலவசமாகப் பார்த்துச் சொல்லும். உரையாடலில் வரும் தோட்டத்துப் பேச்சையெல்லாம் வாணி பிழை என்று காட்டும், அதைப் பொருட்படுத்த வேண்டாம்.